சுடுநீரில் கரைந்த பளிங்குகள்

போன மாதம் மிக்கெல் தொலைபேசி எடுத்தான். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவன் அவன்.

“குணா, மூன்றாம் ரியாக்டரில் மாதிரி எடுக்கிற வால்வைக் கழற்றி ஓட்டையை மூடப் போகிறோம். இனி அது தேவையில்லை. பக்கத்துச் சுவரில் ‘இங்கே சுடுநீர் பாவிக்கக் கூடாது’ என்று ஒரு தகடு இருக்கிறது. அது ஏன் வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நீ வைத்ததாகச் சொல்கிறார்கள்.”

நான்தான் வைத்தேன். காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி டெனிஷில் அரைப் பக்கம் எழுதினேன். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெப்பநிலை இருந்தது, குழாயின் நீளம் இருந்தது, யோகன் அண்ணை மட்டும் இல்லை. அவரை விட்டுவிட்டு அந்தத் தகட்டுக்கு என்ன காரணம் சொல்வது? ஆகவே தமிழில் முழுதாக எழுத உட்கார்ந்துவிட்டேன். மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்து, “உது என்ன, கோட்டுக்குக் குடுக்கிற வாக்குமூலமோ?” என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏறக்குறைய அப்படித்தான்.

நான் டென்மார்க்குக்கு வந்த கதை எல்லாருடைய கதையும்தான், அதை விடுவோம். காலையில் மொழிப் பள்ளிக்கூடம், பின்னேரத்தில் இறைச்சித் தொழிற்சாலை. வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் சமைக்காத குடும்பத்துப் பிள்ளை, ஆறு வருடம் பன்றித் தொடைகளை எண்ணிக் கொக்கியில் கொழுவினேன். பிறகு கொம்மூன என்கிற நகரசபை அலுவலகத்துப் பெண் ஒருத்தி, இரசாயனத் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குகிறவர்களுக்கான பயிற்சி ஒன்று இருக்கிறது, சேருகிறாயா என்று கேட்டாள். ஊரில் உயர்தரம் படித்தபோது எனக்கு இரசாயனவியல் மட்டும் கொஞ்சம் ஓடும். சேர்ந்தேன், பாஸ் பண்ணினேன், பிராண்டேயில் வீடு எடுத்தோம். வேலைக்கு இருபத்தைந்து நிமிடக் கார் ஓட்டம். ஓய்வு பெறும்வரை அதே பாதை, அதே தொழிற்சாலை. அலுக்கவில்லையா என்று பிள்ளைகள் டெனிஷில் கேட்பார்கள். இல்லை, அலுக்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

உணவுப் பொருட்களில் சேர்க்கும் ஓர் அமிலத்தை நாங்கள் செய்தோம். கடைசிக் கட்டத்தில் சூடான கரைசல் ரியாக்டருக்குள் வரும். அதைக் குளிரவைத்தால் உள்ளே பளிங்குகள் பிறக்கும், பார்ப்பதற்குச் சீனி மாதிரி. பளிங்கு பெரிதாக, ஒரே அளவாக வந்தால் கீழ்மாடி வடிகட்டியில் நீர் சுலபமாக இறங்கிவிடும். பொடியாக வந்தால் வடிகட்டித் துணியின் கண்களை அடைத்துவிடும். தொழிலின் சூட்சுமம் இவ்வளவுதான். ஆனால் ரியாக்டர் என்பது இரண்டு ஆள் உயரத்துக்கு மூடிய எஃகுப் பாத்திரம். பக்கத்தில் ஒரு தடித்த கண்ணாடி இருக்கிறது, அதற்குள்ளால் பார்த்தால் வெறும் பால்தான் தெரியும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம்.

மாதிரி எடுப்பது ஒரு பூசை மாதிரி. முகமூடி, முழங்கைவரை கையுறை. வால்வைத் திறந்து முதல் ஒரு லீட்டரை வாளிக்குள் விடவேண்டும், ஏனென்றால் அது குழாயில் தேங்கி நின்றது. பிறகு போத்தலை முக்கால்வாசி நிரப்பி, மூடி, நேரத்தை எழுதி, மெத்தை வைத்த பெட்டிக்குள் வைத்து நடக்க வேண்டும். ஓடக்கூடாது, குலுங்கினால் பளிங்கு உடையும். நான் எடுத்த மாதிரியில் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று ஆய்வுகூடத்துப் பெண்களே சொல்வார்கள்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் பிரித்தா. உயரமான மனுசி, நரைத்த தலை, வருடம் முழுதும் கையில்லாத கம்பளிச் சட்டை. குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. கட்டம் போட்ட ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்திருப்பார். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருவார். யாராவது “அநேகமாக” என்று ஒரு சொல்லைப் போட்டால் பென்சிலை மேசையில் வைத்துவிடுவார். திட்டமாட்டார், முறைக்கமாட்டார். அந்தச் சொல்லை நாங்கள் திருப்பி எடுக்கும்வரை பென்சில் அப்படியே கிடக்கும். “கண்டதை இங்கே சொல், நினைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோ” என்பார். புதிதில் அவரைக் கண்டால் வேறு வழியால் சுற்றிப் போவேன். பிறகு, இப்படியொரு மேலாள் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று விளங்கிவிட்டது. டெனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். ஆனால் என் மனதுக்குள் அவர் எப்போதும் ‘நீங்கள்’.

ஒரு வருடம் உற்பத்தியைக் கூட்டுவதற்காகப் புதுக் குளிரூட்டும் பம்ப் பூட்டினார்கள். முன்பு பத்து மணித்தியாலம் எடுத்த வேலை ஏழில் முடிந்தது. எல்லாருக்கும் சந்தோசம். அந்த மாரிக் குளிர்காலத்தில்தான் மாதிரிக் குழாய் அடைக்கத் தொடங்கியது. வால்வைத் திறந்தால் ஒன்றும் வராது. மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் கட்டியாக விழும். வெளிக் குளிரில் குழாய் விறைத்து பளிங்கு ஒட்டுகிறது என்று நான் முடிவுகட்டினேன். அது நான் நினைத்தது, கண்டதல்ல. பிரித்தாவின் பென்சில் அப்போது பக்கத்தில் இருக்கவில்லை.

எங்கள் வீடுகளில் பிளாஸ்கில் தேநீர் ஊற்றுமுன் ஒருதரம் சுடுநீர் விட்டு அலசுவோம், சூடு நிற்கட்டும் என்று. அந்தப் புத்திதான் வேலை செய்தது. கழுவுவதற்கு வைத்திருந்த சுடுநீர்க் குழாயை எடுத்து, மாதிரிக் குழாயின்மேல் இரண்டு நிமிடம் பிடித்தேன். மாதிரிப் போத்தலையும் சுடுநீரில் போட்டு எடுத்தேன். ஆகா, மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது! மற்ற ஷிஃப்ட்காரர்கள் வந்து பார்த்தார்கள், தாங்களும் செய்தார்கள். ‘குணா முறை’ என்று பெயர் வைத்து வேலைவிதிக் கொப்பியிலும் ஏற்றினார்கள். எனக்கு வந்த புளுகத்துக்கு, சந்தோசத்துக்கு, அளவில்லை. வீட்டுக்கு வந்து மனைவிக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அதே மாரியில் கீழ்மாடி வடிகட்டியும் அடைக்கத் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர் யோகன் அண்ணை. கிரின்ஸ்டெட்டில் இருப்பவர், என்னைவிட நாலு வயது மூப்பு. அவருக்கு அந்த வேலையை எடுத்துக்கொடுத்ததே நான். ஒவ்வொரு தொகுதியும் முடிந்தபின் துணியைக் கழற்றி இரண்டு தரம் கழுவிப் பூட்டுவது அவருடைய பொறுப்பு. அதுவரை ஒரு குறை இல்லை. இப்போது நாலு மணித்தியாலத்தில் வடிய வேண்டியது எட்டு மணித்தியாலம் எடுத்தது.

பிரித்தா கூட்டம் வைத்தார். ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்தால் பளிங்கு அருமையான பளிங்கு, முன்பைவிடக் கொஞ்சம் பெரிது என்றுகூடச் சொல்லலாம். பளிங்கு நல்லதென்றால் பிழை துணியில். துணி என்றால் யோகன் அண்ணை.

“குணா, மாதிரியை நீ எடுத்தாயா? முறைப்படி?”

“நான்தான் எடுத்தேன். கண்ணால் கண்டது” என்றேன். பென்சில் எழுதியது.

யோகன் அண்ணை டெனிஷில், “நான் ஒழுங்காகக் கழுவுகிறேன்” என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்தப் பாஷை அவ்வளவு ஓடாது. நான் அவர் பக்கம் திரும்பினேன். உதவி செய்கிற எண்ணம்தான், சத்தியமாக. “அண்ணை, ஒழுங்காக் கழுவினா ஏன் அடைக்குது? உடம்பு ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோவன், நான் கதைச்சு விடுறன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.  அடுத்த மாதம் அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஐந்து வருடம் அங்கே கிடந்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வெடுக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விபோர்க்கில் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் எனக்கு முன்னால் இருக்க வந்தவர், என்னைக் கண்டதும் கை கழுவப் போவதுபோல எழும்பிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. உவருக்கு என்ன கோபம் என்று நான் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். பாருங்கள், நான் குறைப்பட்டேன்!

அவர் மாறிய பிறகும் வடிகட்டி அடைத்தது. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். புது ஆள் பழகவில்லை என்றோம். பிறகு துணி கொண்டுவருகிற கொம்பனி சரியில்லை என்றோம். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது.

கடைசியில், ரியாக்டருக்குள் படம் பிடித்துப் பார்ப்போம் என்று மேலிடம் தீர்மானித்தது. கண்ணாடிக்கு முன்னால் கமராவும் பெரிய விளக்கும் வைத்தார்கள். பால் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தோடு பேசி, ஆறு வாரப் பரிசோதனைக்கு ஒரு புதுக் கருவியை வரவழைத்தார்கள். கருவியோடு வந்தவர் மாலதி. கோயம்புத்தூர்ப் பெண், நாற்பது வயதிருக்கும், ஒளியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் எடுத்தவர். நான் தொலைபேசியில் மனைவியோடு கதைத்ததைக் கேட்டுவிட்டு ஓடிவந்தார்.

“சார், நீங்க தமிழா?”

“ஓம்.”

“ஐயோ சார், ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் எல்லா ஃபாக்டரிக்கும் போறேன். தமிழ்ல பேச ஒரு ஆள் கூட கிடைக்கல. இப்போ இந்தச் சத்தத்துக்குள்ள, ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கறீங்க!”

அன்றிலிருந்து அவருடைய மத்தியானச் சாப்பாட்டில் பாதி எங்கள் வீட்டுச் சாப்பாடு. கருவியை மூன்றாம் ரியாக்டர்க் கண்ணாடியில் பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டேன், எங்களுக்குப் பாலாகத் தெரிகிற இடத்தில் உதுக்கு மட்டும் என்ன தெரியப்போகிறது என்று.

“சார், மூடுபனில கார் ஓட்டியிருப்பீங்கல்ல? ஹை பீம் போட்டா என்ன ஆகும்?”

“பனிதான் வெளிச்சமாகும். ரோட்டுத் தெரியாது.”

“அதான் உங்க பழைய கேமராவுக்கு ஆனது. ஒளி ஒரு துகள்ல பட்டு, அடுத்ததுல பட்டு, அடுத்ததுல பட்டுச் சிதறிடுது. எல்லாரும் அந்தச் சிதறலை இடைஞ்சல்னு தள்ளிவிடறாங்க. நாங்க அதைத்தான் படிக்கறோம். மெல்லிசா ஒரு லேசர் விட்டா, பெரிய பளிங்குல பட்ட ஒளி பெரும்பாலும் நேரா முன்னால போகும். பொடியில பட்டது அகலமா விரியும். அந்த விரியற விதத்தை வெச்சு உள்ள எந்த அளவுல எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடலாம். அப்புறம் அந்தக் கணக்கை வெச்சே படத்து மேல இருக்கற மங்கலைக் கழிச்சிடலாம்.”

இரண்டாம் நாள் திரையில் முதல் படம் வந்தது.  இத்தனை வருடமும் பாலாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொரு பளிங்கும் தனித்தனியாக, ஓரம் தெரிய, மெல்லச் சுழன்றுகொண்டு போனது. என் பிள்ளைகள் பிறக்குமுன் ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்தபோதுதான் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். பிரித்தாவும் வந்து பார்த்தார். ஒன்றும் எழுதாமல் பத்து நிமிடம் நின்றார்.

சிக்கல் அடுத்த நாளே தொடங்கியது. கருவி சொன்னது: பளிங்குகளுக்கு நடுவே பொடி நிறைந்து கிடக்கிறது. ஆய்வுகூடம் சொன்னது: பொடி இல்லை. ஒரே ரியாக்டர், ஒரே நேரம், இரண்டு இலக்கம். மாலதி கண்ணாடியைத் துடைத்தார், லேசரை மாற்றினார், அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைத் தண்ணீரில் கலக்கிக் காட்டினார். மணிகளைக் கருவி சரியாகச் சொன்னது. ரியாக்டரில் பூட்டினால் மறுபடியும் பொடி. நாலு வாரம் இப்படியே போனது. பொருந்தாத கருவியைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்று மேலிடம் சொன்னது. இங்கே சரிவராவிட்டால் தன் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று மாலதி சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுச் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் எடுக்கும் மாதிரி பிழையாக இருக்கும் என்று எனக்குக் கனவிலும் வரவில்லை.

பிரித்தா கருவியை அனுப்பச் சம்மதிக்கவில்லை. “இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாமல் நான் எதையும் பெட்டியில் போடமாட்டேன்” என்றார். கருவியை மாலதி ஆணி ஆணியாகக் கழற்றிக் காட்டிவிட்டார். மற்றது எங்கள் மாதிரி. “குணா, நீ எப்போதும் எடுப்பதுபோல எடு. நான் பக்கத்தில் நின்று எழுதுகிறேன்.”

எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஒன்பது வருடமாகக் கொப்பியில் இருக்கிற முறை, அதுவும் என் பெயரில். ஆனாலும் எடுத்தேன். முகமூடி, கையுறை, சுடுநீர்க் குழாய். பிரித்தா ஒவ்வொன்றையும் எழுதினார். மாலதி சற்றுத் தள்ளி நின்றவர், சுடுநீரைக் கண்டதும் கிட்ட வந்தார்.

“சார், அந்தத் தண்ணி எவ்வளவு சூடு?”

“கை பொறுக்காது பிள்ளை.”

“பாட்டிலையும் இதுலதான் நனைப்பீங்களா?”

“ஓம், எப்பவும்.”

அவருடைய முகம் மாறியது. பிரித்தாவை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சார், நான் இப்போ எதுவும் சொல்லல. மதியம் நீங்களே ரெண்டு பாட்டில் எடுங்க. ஒண்ணு சுடுதண்ணியோட, ஒண்ணு அது இல்லாம. பார்த்துட்டு நீங்க சொல்லுங்க.”

“என்ன சொல்கிறாள்?” என்று பிரித்தா டெனிஷில் கேட்டார்.

“பின்னேரம் சொல்கிறேன்” என்றேன். அவர் பென்சிலை மேசையில் வைத்தார்.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. இரசாயனவியல் ஓடும் என்றேனே, வெட்கக்கேடு. சீனி சுடுநீரில் கரையும் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? அதிலும் பொடிதான் முதலில் கரையும். சூடான குழாயாலும் சூடான போத்தலாலும் போகிற மாதிரியில் பொடி எல்லாம் கரைந்து, பெரிய பளிங்கு மட்டும் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது, ஒன்பது வருடமாக. குழாய் அடைத்ததற்கும் குளிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புதுப் பம்ப் அவசரமாகக் குளிர்த்தியதால் பொடி பிறந்தது, அந்தப் பொடிதான் குழாயையும் அடைத்தது, வடிகட்டியையும் அடைத்தது. குழாய் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் சுடுநீர் ஊற்றி அதன் வாயை மூடிவிட்டேன்.

இருந்தாலும் இரண்டு போத்தல் எடுத்தேன். சுடுநீர் விடாததை எடுக்க மரச்சுத்தியலும் இருபது நிமிடமும் வேண்டியிருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை. ஒன்றில் பளிங்கு அடியில் படிந்து மேலே நீர் தெளிந்துவிட்டது. மற்றது கலங்கிக்கொண்டே நின்றது, அவ்வளவும் பொடி. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டேன்.

முதலில் வந்தது என்னைப் பற்றிய பயம், என் பெயர் போச்சே என்று. இரண்டாவதாகத்தான் யோகன் அண்ணை வந்தார். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒழுங்கில்தான் வந்தது.

மாலதி வந்து போத்தல்களைப் பார்த்தார். “சார், கவலைப்படாதீங்க. சுடுதண்ணியை நிறுத்திட்டா போதும், நம்பர் தானா சேர்ந்துடும். புது முறைன்னு சொல்லிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஒருகணம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“அப்ப யோகன் அண்ணை?” என்றேன்.

“அவங்க யாரு சார்?”

சொன்னேன். கூட்டத்தில் நான் தமிழில் கேட்ட கேள்வியையும் விடாமல் சொன்னேன். மாலதி இரண்டு போத்தலையும் இறுக மூடி என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, “அப்போ நீங்க மேல போய்த்தான் ஆகணும் சார்” என்றார்.

இரண்டு போத்தலையும் தூக்கிக்கொண்டு பிரித்தாவின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். அவர் இடையில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும், “எவ்வளவு காலம்?” என்றார்.

“ஒன்பது வருடம்.”

“நினைத்ததா, கண்டதா?”

“கண்டது” என்று போத்தல்களைக் காட்டினேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அவருடைய கோபத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“யோகன்” என்றார். “இலக்கத்தை நீ தந்தாய். மாற்றல் கடிதத்தில் கையெழுத்து வைத்தது நான். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.”

மறுநாள் கிரின்ஸ்டெட்டுக்கு என் காரில்தான் போனோம். யோகன் அண்ணைதான் கதவைத் திறந்தார். மனைவி சரோ அக்கா முதியோர் இல்லத்தில் வேலை, பகல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அண்ணை பிரித்தாவைக் கண்டு திடுக்கிட்டார், என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார். ஆனாலும் உள்ளே வரச்சொல்லி, தேநீர் போட்டு, பிஸ்கட் வைத்தார். பிரித்தா தேநீரைத் தொடாமல் சொன்னார்: “யோகன், நான் பிழை செய்தேன். நீ துணியைச் சரியாகக் கழுவினாய். பொடி மேலே ரியாக்டரிலிருந்து வந்தது.”

அவர் “தாக்” என்று டெனிஷில் நன்றி சொன்னார்.  பிறகு என் பக்கம் திரும்பினார்.

“குணா, அந்தத் துணியை எத்தனை தரம் கழுவச் சொல்லி எழுதியிருந்தது?”

“ரெண்டு தரம் அண்ணை.”

“நான் ஏழு தரம் கழுவினனான். கூட்டத்துக்குப் பேந்து மாத்தும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஏழு தரம். அப்பவும் அடைச்சுது. அப்ப என்ரை கையிலைதான் ஏதோ பிழை, வயசு போட்டுது எண்டு நானே நினைச்சிட்டன். அதுக்குப் பேந்து ஒரு வேலையும் எனக்குச் சரிவரேல்லை. பெட்டி கட்டேக்கையும் ரெண்டு தரம் எண்ணுவன்.”

“அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களுக்குச் செய்தது பெரிய அநியாயம்.”

“அவை மாத்தினது எனக்கு நோகேல்லை. அவைக்கு என்ன தெரியும். நீ எல்லாருக்கும் முன்னாலை தமிழிலை கேட்டியே, ஏன் அடைக்குது எண்டு. அதுதான் நொந்தது.”

நான் அழுதுவிட்டேன். பிரித்தா எழுந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து யோகன் அண்ணை என் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய், ஆறிப்போன தேநீரை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார். “எல்லாருக்கும் முன்னாலைதானே கேட்டனீ. அப்ப எல்லாருக்கும் முன்னாலையே சொல்லு. நானும் வாறன்” என்றார்.

டெனிஷ்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் பிழை விட்டவன் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தண்டனையும் அதுதான், மன்னிப்பும் அதுதான், கேக் முடிந்தால் கதையும் முடிந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறையும் கேக் கொண்டுபோனதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மனைவி கேக்குக்குப் பதிலாக எண்பது ரோல்ஸும் ஒரு வாளி வடையும் சுட்டுத் தந்தாள். “பிழையும் விட்டுப்போட்டு எனக்கெல்லோ வேலை வைக்கிறியள்” என்று பேசிப்பேசித்தான் சுட்டாள். யோகன் அண்ணையைப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் கோட் போட்டு, தலையை வாரி இழுத்து, சவரம் செய்து தயாராக வாசலில் நின்றார்.

காலை இடைவேளையில் உணவறையில் எல்லாரும் இருந்தார்கள். எழும்பி நின்று டெனிஷில் சொன்னேன்: “வடிகட்டித் துணி சுத்தமாகத்தான் இருந்தது. யோகன் தன் வேலையைச் சரியாகச் செய்தார். பிழை என்னுடையது, என் சுடுநீருடையது.”  பிறகு தமிழில் அவரைப் பார்த்து, “அண்ணை, நீங்கள் ஒழுங்காத்தான் கழுவினியள்” என்றேன். அது யாருக்கும் விளங்கியிருக்காது, அவருக்கும் மாலதிக்கும் தவிர. யோகன் அண்ணை தலையை ஆட்டினார். அதற்குள் யாரோ ஒருவன் ரோல்ஸைக் கடித்து, “குணா, நீ ஏன் இதற்குமுன் பிழை விடவில்லை?” என்று கத்த, உணவறை முழுதும் சிரித்தது. யோகன் அண்ணையும் சிரித்தார்.

முதல் இரண்டு மணித்தியாலமும் குளிர்த்துவதை மெதுவாக்கினோம். ஏழு மணித்தியால வேலை எட்டானது, பொடி அடங்கியது, வடிகட்டி வடிந்தது. மாலதியின் கருவியைத் தொழிற்சாலை வாங்கிக்கொண்டது, இப்போது நாலு ரியாக்டரிலும் இருக்கிறது. அதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அன்று வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், படத்தைத் தனக்கும் காட்டச்சொல்லி யோகன் அண்ணை கேட்டார்.

மாலதி கணினியில் சேமித்து வைத்திருந்த படம் ஒன்றைத் திறந்தார். பெரிய பளிங்குகளுக்கு நடுவே மணல் தூவினமாதிரிப் பொடி. யோகன் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

“இதுவோ பிள்ளை என்ரை துணியை அடைச்சது?”

“ஆமா சார், இதேதான்.”

“இவ்வளவு சின்னனோ!” என்றார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இதை எனக்கொருக்கால் தாளிலை அடிச்சுத் தருவியளோ?” என்று கேட்டார்.

“தாராளமா தர்றேன் சார். வெச்சுக்கறதுக்கா?”

“இல்லைப் பிள்ளை, மனுசிக்குக் காட்டவேணும். அவளும் அப்ப என்னை நம்பேல்லை.”

அச்சு இயந்திரம் இரண்டு மாடிக்கு மேலே இருந்தது. மாலதி எழும்புமுன் நான் படியில் ஓடத் தொடங்கிவிட்டேன்.